வெளிச்சுவரில் குடும்பமாக ஓவியம் தீட்டப் போகிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

முற்றம்:

வணக்கம் நண்பர்களே. வீட்டுப் பின்பக்கச் சுற்றுச்சுவரில் இந்த விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய ஓவியம் தீட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சுவர் சுமார் ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம். சிமெண்ட் பூச்சு. வலது பாதி ரொம்பப் பழையது. இடது பாதியைச் சமீபத்தில்தான் இடித்துக் கட்டிப் புதிதாகப் பூசினோம். மாலை வெயில் நேராக விழும்.

கை வைக்கப் போகிறவர்கள்: நான்கு வயதில் ஒருத்தி, ஒன்பது வயதில் ஒருவன், பதினைந்து வயதில் நன்றாக வரையத் தெரிந்த மூத்தவள், நாங்கள் இருவர், அப்புறம் என் மாமியார். மாமியாரால் ஏணி ஏற முடியாது. ஆனால் நிறம் கலப்பதில் அவருக்கு இருக்கிற கண் எங்களில் யாருக்கும் இல்லை. இடது பக்கம் கடலுக்கடி, வலது பக்கம் காடு என்பது வரை பேசி முடித்துவிட்டோம். இரண்டும் நடுவில் எப்படிச் சேரும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

எந்தப் பெயிண்ட் வாங்குவது, சின்னப் படத்தை எப்படிச் சுவரளவுக்குப் பெரிதாக்குவது, சின்னவளுக்கு எந்த வேலையைக் கொடுப்பது, எல்லாவற்றையும் கேட்கிறேன். முக்கியமாக, சில வருடங்களாவது இது உரியாமல் நிற்க வேண்டும். பிள்ளைகள் தீட்டியது ஒரே மழைக்காலத்தில் உரிந்து விழுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

காரைக்கரண்டி:

பூச்சு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். வெளிச்சுவர் உரிவதற்குப் பெரும்பாலும் மேலே அடித்த பெயிண்ட் காரணமில்லை, உள்ளே இருக்கிற ஈரம்தான் காரணம். ஈரம் வெளியே வரும்போது சிமெண்டில் இருக்கும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிந்து, கொப்புளம் கட்டி, பெயிண்டைத் தள்ளிவிடும்.

முதலில் புதுப் பாதி. சிமெண்ட் பூச்சு குறைந்தது 28 நாள் ஆறியிருக்க வேண்டும். குளிரிலும் ஈரக்காற்றிலும் இன்னும் கூடுதலாக விட வேண்டும். புதுச் சிமெண்டின் காரத்தன்மை பிஎச் 12, 13 வரை இருக்கும். அதன் மேல் எண்ணெய் எனாமல் அடித்தால் காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். பிசுபிசுத்து உரியும். எனவே எனாமல் வேண்டாம். காரத்தைத் தாங்கும் வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட் கட்டாயம்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. 45 செ.மீ. சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். 16 மணி நேரமாவது விட்டுப் பிரியுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துகள் கட்டியிருந்தாலோ, சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தரையோரத்தில், நடுவில், மேலே என்று மூன்று நான்கு இடத்தில் வையுங்கள். ஓதம் கீழிருந்துதான் ஏறும்.

பழைய பாதியை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் அந்தப் பொடியோடு சேர்ந்துதான் வரும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த தேய்ப்பு பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்று, பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருகிற கோடு. இரண்டும் வெயிலில் ஒரே மாதிரி விரியாது, அங்கே மயிரிழை விரிசல் விழத்தான் செய்யும். வளையக்கூடிய அக்ரிலிக் சீலண்டை வைத்து அடைக்கலாம். அதோடு அந்தக் கோட்டின் மேல் ஒரு மரத்தின் அடிமரம் வருகிற மாதிரி படத்தை அமைத்தால் நாளைக்கு விரிசல் விழுந்தாலும் பட்டை வெடிப்பு என்றுதான் தோன்றும். கடலும் காடும் சேருகிற இடம் வேண்டும் என்றீர்களே, அதற்கும் வழி பிறந்துவிட்டது.

செங்காவி:

காரைக்கரண்டி அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டார், நான் நிறத்துக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளோடு சுவரோவியம் செய்வதுதான் என் வேலை.

அடிப்பூச்சுக்கும் பெரிய பரப்புகளுக்கும் முழு அக்ரிலிக் வெளிச்சுவர் எமல்ஷன் வாங்குங்கள். உள்சுவர் எமல்ஷன் மலிவு என்று வாங்க வேண்டாம், மழைக்கும் வெயிலுக்கும் அது நிற்காது. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான பூச்சு என்றால் 6, 7 என்று கணக்குப் போடுங்கள். உங்கள் சுவர் 12 சதுர மீட்டர். அடிநிறம் இரண்டு கோட்டுக்கு மூன்று நாலு லிட்டர் போதும். மற்ற நிறங்களுக்குப் பெரிய டப்பா தேவையே இல்லை.

மாலை வெயில் விழும் சுவரில் நிறத்தேர்வுதான் பாதி ஆயுள். காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, பழுப்பு ஆகியவை இரும்பு ஆக்சைடு நிறங்கள். மனிதர்கள் குகையில் தீட்டிய காலத்திலிருந்து நிற்கின்றன, உங்கள் சுவரிலும் நிற்கும். தாலோ நீலம், தாலோ பச்சை, கார்பன் கறுப்பு, டைட்டானியம் வெள்ளை எல்லாம் நம்பலாம். கண்ணைப் பறிக்கும் ஃபுளோரசென்ட் வண்ணங்கள் வெளியில் சீக்கிரமே வெளுத்துவிடும். மலிவான ரோஸ், ஊதா, பளீர் மஞ்சள் பலவும் அப்படித்தான். ரோஸ் வேண்டும் என்று சின்னவள் அடம்பிடித்தால், குவினாக்ரிடோன் என்று குறிப்பிட்ட நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். அது தாக்குப்பிடிக்கும். எந்த நிறமானாலும் வெள்ளை கலந்து வெளிறச் செய்யும்போது சீக்கிரம் மங்கும். அதனால் நீண்ட நாள் நிற்க வேண்டிய உருவங்களை அடர்த்தியாகவே வையுங்கள்.

வெயில் நேரடியாக விழும்போது தீட்ட வேண்டாம். சூடான சுவரில் பெயிண்ட் பிடிப்பதற்கு முன்பே மேலே காய்ந்து ஆடை கட்டிவிடும். உங்கள் சுவருக்குக் காலை நேரம்தான் சரி. இரவில் பனி இறங்குகிற காலமென்றால், பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம்தளம்:

நிறம், சுவர் எல்லாம் சரி. நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். நான்கு வயதுக் குழந்தையும் ஒன்பது வயதுப் பையனும் தீட்டினால் கோடு தாண்டும், வழியும், திட்டுத்திட்டாக இருக்கும். அவர்கள் தூங்கின பிறகு பெரியவர்கள் போய் ஓரங்களைச் சரிசெய்துவிடுவதுதான் நல்லது. தினம் பார்க்கிற சுவர் அல்லவா? பிள்ளைகளுக்கும் அழகாக வந்தது என்ற மகிழ்ச்சி கிடைக்கும்.

பட்டம்விடுகிறவள்:

இதை நான் முழு மனதோடு மறுக்கிறேன். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நேற்று தான் வைத்த கோடு இன்று இல்லை என்பது நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். வாயால் சொல்லாது. அடுத்த நாள் பிரஷைத் தொடாது, அவ்வளவுதான். அப்புறம் அது குடும்ப ஓவியம் இல்லை, மூத்தவளும் அப்பாவும் தீட்டிய ஓவியம்.

திருத்த வேண்டிய தேவையே வராதபடி படத்தை அமைப்பதுதான் பெரியவர்கள் வேலை. எங்கள் வீட்டில் செய்த வரிசையைச் சொல்கிறேன். பின்னணியும் பெரிய நிறப்பரப்பும் முதலில். அதில் யார் எப்படி இழுத்தாலும் நீரோட்டமாகவும் இலைக் கூட்டமாகவும் மாறிவிடும். அது சின்னவர்களுக்கு. அதன் மேல் உருவங்கள். ஒன்பது வயதுக்கு மீன், ஆமை, இலை என்று மூடிய வடிவங்களை நிரப்பக் கொடுங்கள். கடைசியில் மட்டும் அடர்நிற ஓரக்கோடு. அதை மூத்தவள் இழுக்கட்டும். ஓரக்கோடு விழுந்தவுடன் கோடு தாண்டிய நிறமெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். யாருடைய நிறத்தையும் யாரும் அழிக்கவில்லை.

நான்கு வயதுக்காரிக்குப் பிரஷை விட ஸ்பாஞ்சு நல்லது. வட்டமாக வெட்டிக் கொடுத்தால் நீர்க்குமிழி, நீளமாக வெட்டினால் பாசி. தட்டில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள், ஒற்றிவிட்டுப் போவாள். கைத்தடமும் வைக்கலாம், ஆனால் அக்ரிலிக் தோலில் காய்ந்தால் எடுப்பது சிரமம். பக்கத்திலேயே சோப்புத் தண்ணீர் வைத்து உடனே கழுவிவிட வேண்டும்.

செங்காவி:

பட்டம்விடுகிறவள் சொன்னதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாக்கா 1976இல் தொடங்கிய பெருஞ்சுவர் ஓவியம் வெள்ளக் கால்வாய்ச் சுவரில் 800 மீட்டருக்கு மேல் நீள்கிறது. அதைத் தீட்டியதில் 400க்கும் மேற்பட்ட இளையவர்களுக்குப் பங்கு உண்டு. அத்தனை கைகள் வேலை செய்தும் ஒரே ஓவியமாக நிற்கிறது. அதற்கு முன்திட்டம்தான் காரணம்.

மாமியாரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நிறம் கலப்பதை முழுக்க அவரிடம் விடுங்கள். நாற்காலி, மேசை, மூடியுள்ள சின்ன ஜாடிகள். ஒவ்வொரு ஜாடிக்கும் ஓர் எண். அதே எண்ணைச் சுவரில் அந்தந்த வடிவத்துக்குள் சாக்பீஸால் எழுதிவிட்டால், எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் எண்ணைப் பார்த்து வேலை செய்யும். கலந்த நிறம் தீர்ந்தால் அதே சாயல் மறுபடி வருவது கஷ்டம். எனவே எந்த நிறம் எத்தனை கரண்டி என்று ஒரு நோட்டில் அவர் எழுதி வைக்கட்டும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி அடர்ந்து தெரியும், கலக்கும்போதே அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முற்றம்:

படிக்கப் படிக்க உற்சாகமாக இருக்கிறது. மாமியாரிடம் நோட்டு விஷயத்தைச் சொன்னேன், உடனே ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து வைத்துவிட்டார். படத்தைப் பெரிதாக்குவது பற்றி யாராவது சொல்லுங்கள். எங்களிடம் புரொஜெக்டர் இல்லை.

கட்டம்போடு:

புரொஜெக்டர் இருந்தாலும் வெளிச்சுவருக்கு இரவில்தான் பயன்படும். பிள்ளைகள் இருட்டில் நிற்க வேண்டும். நான் கட்டமுறையையே சொல்வேன். தாளில் 2 செ.மீ. கட்டம், சுவரில் 20 செ.மீ. கட்டம். உங்கள் சுவருக்கு நீளவாக்கில் 30, உயரவாக்கில் 10. முதல் கோட்டை ரசமட்டம் வைத்துப் பிடியுங்கள், தரையை நம்பாதீர்கள், தரை சரிவாகத்தான் இருக்கும். மற்றதைச் சாக்பொடி தடவிய நூலை அடித்துப் போடலாம். நூலை ஒருவர் இந்த முனையிலும் ஒருவர் அந்த முனையிலும் பிடிக்க, நடுவில் சுண்டிவிடுவதற்கு ஒன்பது வயதுப் பையனை விட்டால் அவனுக்கு அதுவே பெரிய வேலை.

கட்டம் எண்ண எரிச்சலாக இருந்தால் இன்னொரு முறை உண்டு, இப்போது சுவரோவியக்காரர்கள் பலர் செய்கிறார்கள். வெறும் சுவர் முழுக்கக் கண்டபடி குறிகள் போடுங்கள்: எழுத்து, சுழி, நட்சத்திரம், கிறுக்கல், எதுவாக இருந்தாலும் சரி. ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. நேர் எதிரே நின்று போனில் படமெடுத்து, உங்கள் வரைபடத்தை அந்தப் படத்தின் மேல், அடியில் உள்ள குறிகள் ஊடே தெரிகிற மாதிரி போனிலேயே பொருத்துங்கள். மீனின் கண் அந்தச் சுழிக்குப் பக்கத்தில், வால் இந்த நட்சத்திரத்தில் என்று பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டே போகலாம். குறிகள் போடுகிற வேலை முழுவதும் சின்னவளுடையது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அழியாத மார்க்கரால் வரையாதீர்கள். எத்தனை கோட் அடித்தாலும் அதன் மை மேலே ஊறிக்கொண்டே வரும். சாக்பீஸ், இல்லையென்றால் தண்ணீரில் கரையும் வண்ணப் பென்சில் போதும்.

காரைக்கரண்டி:

கவனமாக இருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன், சேர்க்கிறேன். பழைய பாதியில் பழைய எனாமல் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதிலும் பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில். குழந்தைகளுக்கு ஈயம் எவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. எனவே சந்தேகம் இருந்தால் சுரண்டுவதற்கு முன் பரிசோதனை செய்யுங்கள். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, நெருப்பு வைத்து எரிக்கவும் கூடாது. தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். ஈயம் இல்லை என்றாலும் உப்புத்தாள் போடுகிற நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். பூச்சின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, பெரியவர்களும் துணி கட்டாமல் முறையான தூசி முகமூடி போடுங்கள்.

ஏணி விஷயம்: நாலு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் அடியைத் தள்ளி வையுங்கள். இரண்டு மீட்டர் சுவருக்கு ஏணியே வேண்டாம். அகலமான உறுதியான மேடைப் பலகை போதும், அதிலும் பெரியவர்கள் மட்டும். படத்தை உயரத்துக்குத் தகுந்தபடி பங்கு பிரித்துவிடுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை சின்னவர்கள் ராஜ்யம்.

ஓட்டுவீடு:

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், சுவரில் கை வைக்க அனுமதி இல்லை. எங்களுக்கு வழி உண்டா?

செங்காவி:

தாராளமாக உண்டு. ஃபைபர் சிமெண்ட் போர்டு வாங்கி, தீட்டி, மாட்டிக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது கூடவே வரும். போர்டின் முன், பின், ஓரம் எல்லாப் பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். ஓரத்தை விட்டால் தண்ணீர் அதன் வழியே ஏறும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள், பின்னால் காற்று ஓடட்டும்.

துணியில் தீட்டுவது இன்னொரு வழி. பிலடெல்பியாவில் 1984இல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். நெய்யாத மெல்லிய துணியைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, கோடும் எண்ணும் போட்டு, பள்ளிகளிலும் கூடங்களிலும் மக்கள் மேசையில் வைத்தே தீட்டுகிறார்கள். பிறகு துண்டுகளைச் சுவரில் அக்ரிலிக் ஜெல்லால் ஒட்டுகிறார்கள். முற்றம் வீட்டு மாமியாருக்கும் இது பொருந்தும். மேல்பகுதியில் வர வேண்டிய பறவைகளை அவர் உட்கார்ந்த இடத்திலேயே தீட்டி முடிக்கலாம்.

நிழல்தேடி:

கடைசிக் கோட் பற்றிப் பேச்சே வரவில்லை. மேலே வார்னிஷ் அடிக்காமல் விட்டால் ஓவியம் இரண்டு வருடத்தில் மங்கிவிடாதா? நான் எப்போதும் அடிப்பேன்.

காரைக்கரண்டி:

சுற்றுச்சுவருக்கு நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். அக்ரிலிக் எமல்ஷன் ஓரளவு நீராவியை வெளியே விடும். மேலே கெட்டியான வார்னிஷ் ஏறினால் அந்த வழி அடைபடும். ஈரம் பின்னால் தேங்கி, வெண்மூட்டம் கட்டி, கடைசியில் பெயிண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். மூட்டம் கட்டிய வார்னிஷைப் பின்னால் எடுக்க முயன்றால் ஓவியமும் போய்விடும்.

நிழல்தேடி:

நான் செய்தது கூரைக்குக் கீழே, ஓதம் இல்லாத சுவர். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேட் வார்னிஷ். நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. எனவே பொதுவாக வேண்டாம் என்று சொல்ல முடியாது.

செங்காவி:

இருவர் சொல்வதும் அவரவர் சுவருக்குச் சரி. போர்டில் தீட்டியதற்கும் கூரைக்குக் கீழே உள்ள காய்ந்த சுவருக்கும் வார்னிஷ் நல்லது. பெயிண்ட் சில வாரம் நன்றாக ஆறிய பிறகு, நீர் அடிப்படையிலான, பளபளக்காத மேட் வகை, மெல்லியதாக இரண்டு கோட். திறந்த வெளியில் நிற்கிற, தரையிலிருந்து ஈரம் ஏறக்கூடிய சுவருக்கு வேண்டாம். அந்தக் காசில் நல்ல நிறத்தை வாங்குங்கள், மங்கின இடத்தில் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். வார்னிஷ் இல்லாத சுவரில்தான் மறுதீட்டல் எளிது.

முற்றம்:

பிளாஸ்டிக் தாள் சோதனை செய்துவிட்டோம். புதுப் பாதி எல்லா இடத்திலும் காய்ந்திருக்கிறது. பழைய பாதியில் வலது கடைசி ஒரு மீட்டரில் மட்டும், தரையோரத்தில், தாளுக்குள் நன்றாகத் தண்ணீர் கட்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பூச்செடிப் பாத்தி, மண் முழங்கால் உயரத்துக்குச் சுவரோடு சேர்த்துக் குவித்திருக்கிறது. தினமும் தண்ணீர் விடுகிறார்கள். என்ன செய்வது?

காரைக்கரண்டி:

நல்லவேளை, தீட்டுவதற்கு முன் தெரிந்தது. இந்தப் பக்கம் எந்தப் பூச்சு அடித்தாலும் அந்த ஈரத்தை நிறுத்த முடியாது, தண்ணீர் வருகிற பக்கத்தில்தான் தடுக்க முடியும். பக்கத்து வீட்டாரிடம் பேசி, மண்ணை ஒரு கை அகலம் தள்ளி வைக்கச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். ஓவியத்தைக் காட்டிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தள்ளினாலும் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும்.

அதுவரை அந்த ஒரு மீட்டரை அக்ரிலிக்கால் மூடாதீர்கள். பழைய பெயிண்டைச் சுரண்டி வெறும் பூச்சாகவே விடுங்கள். அதற்கு நிறம் வேண்டுமானால் சுண்ணாம்பிலோ சிலிகேட் பெயிண்டிலோ காவி கலந்து பூசலாம். இரண்டும் ஈரத்தை வெளியே விடும். சிலிகேட் பெயிண்ட் என்பது புதுச் சரக்கு இல்லை, ஜெர்மனியில் கைம் என்பவர் 1878இலேயே காப்புரிமை வாங்கியது. அது சுவரின் மேல் படலமாக நிற்காமல் பூச்சோடு வேதியியலாகப் பிணைந்துவிடும், எனவே உரிவதற்குப் படலமே இல்லை. ஆனால் வெறும் கனிமப் பூச்சின் மேல்தான் பிடிக்கும், பழைய அக்ரிலிக் மேல் ஒட்டாது. கடுங்காரம் வேறு, கையில் கண்ணில் படக் கூடாது. அதைப் பெரியவர்கள் மட்டும் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்ய வேண்டும்.

பட்டம்விடுகிறவள்:

அந்த ஒரு மீட்டரைக் காட்டின் விளிம்பாக, வெறும் காவி மண்ணாக விட்டுவிட்டால் என்ன? அதற்கு முன்னால், சுவரைத் தொடாமல், செங்காவி சொன்ன போர்டு ஒன்றை நிறுத்தலாம். ஒன்பது வயதுப் பையனுக்கு அது முழுக்கத் தனக்கே என்று கொடுத்தால் மிருகம் ஒன்றைத் தன் இஷ்டப்படி தீட்டுவான். மூத்தவள் படத்துக்குள் அவன் நிறம் நிரப்புகிறவனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

முற்றம்:

பையனிடம் கேட்டேன். யானை என்று சொல்லிவிட்டான், போர்டின் அளவையும் அவனே சொல்லிவிட்டான். பக்கத்து வீட்டம்மா மண்ணைத் தள்ள ஒத்துக்கொண்டார், அவருடைய பேத்தியும் வரலாமா என்று கேட்டார். ஸ்பாஞ்சு வேலையில் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். கடைசியாக ஒரு கேள்வி: மிச்சமாகும் பெயிண்டை என்ன செய்வது, பிரஷ் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

செங்காவி:

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சின்ன ஜாடி நிறைய எடுத்து வையுங்கள். வாய் வரை ஊற்றினால் உள்ளே காற்று குறையும், ஆடை கட்டாது. மேலே ஜாடி எண்ணும் தேதியும். மாமியாரின் நோட்டு அதோடு சேர்ந்தே இருக்கட்டும். குளிரில் உறைந்தால் எமல்ஷன் கெட்டுவிடும், வெயில் படாத, உறையாத இடத்தில் வையுங்கள்.

பிரஷைக் கழுவும் முன் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டால் பாதிப் பெயிண்ட் அதிலேயே வந்துவிடும். பிறகு இரண்டு வாளி: முதல் வாளியில் அலசி, இரண்டாவதில் சுத்தம் செய்யுங்கள். அந்தத் தண்ணீரை மழைநீர் ஓடும் வடிகாலிலோ செடிக்கோ ஊற்ற வேண்டாம். ஒரு நாள் அசையாமல் வைத்தால் நிறம் அடியில் படியும். மேலே தெளிந்ததைக் கழிவுநீர்க் குழாயில் விடலாம். அடிவண்டலையும் வேண்டாத பெயிண்டையும் மரத்தூளில் கலந்து முழுக்கக் காயவிட்டு, உங்கள் ஊர் விதி அனுமதித்தால் குப்பையில் போடுங்கள். எனாமலோ தின்னரோ மிச்சமிருந்தால் அப்படிப் போடக் கூடாது, அவற்றை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.